மசாலாத் தூள் தொழில்: எந்த அலுவலகத்தின் படியை முதலில் ஏறுவது?

கேள்வி: பெகு (பர்மா) வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மா வீட்டில் அரைத்துத் தரும் மிளகாய்த் தூளையும் குழம்பு மசாலாவையும் பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தார் வாங்கி வருகிறார்கள். கோயில் திருவிழா அன்னதானத்துக்கும் எங்கள் வீட்டுத் தூள்தான் போகும். இப்போது ரங்கூனில், நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்லும் தெய்ஞ்சி சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவர், பாக்கெட்டில் அடைத்துப் பெயர் அச்சிட்டுக் கொடுத்தால் மாதந்தோறும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

அரைப்பதற்குத் தனியாக ஓர் அறை வாடகைக்குப் பார்த்தோம். நகரசபை லைசென்ஸ் கேட்கப் போனால் வட்டார அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். வட்டார அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கிறார்கள். வீட்டுக்காரரோ லைசென்ஸ் கிடைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர் கேட்கும் தொகை எங்கள் முதலீட்டில் பாதி. நானும் அம்மாவும் முழுக் குடியுரிமைக்கான இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கிறோம்; அப்பாவிடம் இன்றும் வெளிநாட்டார் பதிவுச் சான்றிதழ்தான் இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டுமா? அறையை அப்பா பெயரில் எடுக்கலாமா?

பதில்: ரங்கூன் கணக்கர்

கம்பெனி இப்போது வேண்டாம். 1914 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017 கம்பெனிச் சட்டம் 2018 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஒருவர் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து கம்பெனி தொடங்க அது இடம் தருகிறது. அந்த இயக்குநர் ஆண்டில் குறைந்தது 183 நாள் இந்த நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். அரசு தரும் மாதிரி விதிமுறையைப் பயன்படுத்தினால் வக்கீலும் தேவையில்லை. இத்தனை எளிதாக இருப்பதால்தான் பலர் அவசரப்பட்டுப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் பதிவான 2 மாதத்துக்குள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். தவறினால் கம்பெனி இடைநிறுத்தப்பட்டு, பதிவேட்டிலிருந்தே நீக்கப்படலாம். அம்மா தனியொருவராக நடத்தும் தொழிலுக்குக் கம்பெனிப் பதிவு கட்டாயமில்லை.

அரைக்கும் இயந்திரம் எத்தனை குதிரைத்திறன் என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே அதுதான் முக்கியம். 1990 ஆம் ஆண்டின் தனியார் தொழில் நிறுவனச் சட்டப்படி, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள விசையைப் பயன்படுத்தும் தொழிலும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கூலியாட்களை வைத்திருக்கும் தொழிலும் தொழில்துறையிடம் பதிவு பெற வேண்டும். 2 குதிரைத்திறன் மோட்டாரில் தொடங்கினால் அந்த ஒரு படியை இப்போதைக்கு ஏறாமல் இருக்கலாம். மோட்டாரை வாங்கிவிட்டுப் பிறகு சட்டத்தைப் படித்தவர்களின் கணக்குகளை நான் எழுதியிருக்கிறேன். ஆகவே வாங்குவதற்கு முன்பே கேட்டதற்கு மகிழ்கிறேன்.

பாக்கெட்டில் அடைத்து விற்கும்போது உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறையின் அனுமதி வேண்டும்; 1997 உணவுச் சட்டம் அதற்கு அடிப்படை. இதில் சுருக்குவழி தேடாதீர்கள், உண்பவர்களின் உடல்நலம் சம்பந்தப்பட்டது. சுவர், தரை, தண்ணீர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்பதை மனத்தில் வைத்து அறையைத் தேர்ந்தெடுங்கள். வணிக வரி ஆண்டு விற்பனை 5 கோடி கியாட்டைத் தாண்டினால்தான் வரும். உங்கள் சரக்கு விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அந்தந்த ஆண்டின் ஒன்றிய வரிச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பெயரையும் மறக்க வேண்டாம்: 2019 வணிகக்குறிச் சட்டம் 2023 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்த பிறகு, முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை.

பதில்: மோல்மேன் பெரியவர்

தம்பி, அறையை அப்பா பெயரில் எடுக்காதீர்கள். 1987 இல் வந்த அசையாச் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டாருக்கு நிலம் விற்பதைத் தடுப்பதோடு, ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதையும் தடுக்கிறது. உங்கள் அப்பா இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், கையிலுள்ள சான்றிதழ் அவரை வெளிநாட்டார் என்றே சொல்லும். அம்மா பெயரில் எழுதுங்கள். பின்னாளில் கம்பெனி ஆக்கினால் அப்பாவுக்கும் பங்கு தரலாம்; வெளிநாட்டார் பங்கு 35 சதவீதத்துக்குள் இருந்தால் அது உள்நாட்டுக் கம்பெனியாகவே கருதப்படும்.

1964 இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது என் தாத்தாவின் துணிக்கடையும் போனது. அதன்பின் எங்கள் குடும்பத்தில் எவரும் எந்தத் தொழிலையும் தாளில் எழுதத் துணியவில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் வந்து இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று குடியுரிமை நிலைக்கு ஏற்ப அட்டைகளைப் பிரித்தபோது அந்தப் பயம் இரட்டித்தது. முப்பது ஆண்டுகள் பலகாரக் கடை நடத்தினேன். ஒரு லைசென்ஸும் இல்லை. வாரந்தோறும் ஒருவர் வந்து தேநீர்க் காசு வாங்கிப் போவார். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அது முறையான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. என் மகள் கடையை விரிவாக்கக் கடன் கேட்டபோது காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. அந்த நிலை உங்கள் அம்மாவுக்கு வரக்கூடாது.

வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: லைசென்ஸ் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாளோடு வட்டார அலுவலகத்துக்குப் போகலாம். நகரசபைக்குப் போவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு இடத்திலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதில்: பொருளியல் மாணவி

பெரியவர் சொன்னது மற்ற ஏழை நாடுகளிலும் நடந்திருக்கிறது. 1983 இல் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வுக் குழு பெரு நாட்டின் லிமாவில் ஒரு சிறிய தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்றது. 289 நாள் ஆனது. வழியில் 10 முறை லஞ்சம் கேட்கப்பட்டது, அதில் 2 முறை கொடுக்காமல் நகரவே முடியவில்லை.

நம் நாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். நாடுகளில் தொழில் செய்வது எவ்வளவு எளிது என்று தரவரிசைப்படுத்தும் தன் 2020 அறிக்கையில் உலக வங்கி, தொழில் தொடங்கும் எளிமையில் பர்மாவுக்கு 70 ஆவது இடம் தந்தது. தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் அந்த அறிக்கையையே 2021 இல் நிறுத்திவிட்டது. ஆனால் முறைகேட்டை விடவும் என்னை உறுத்துவது, அந்த அளவுகோல் எதை அளந்தது என்பதுதான். நாட்டின் மிகப்பெரிய வணிக நகரில் தொடங்கப்படும் வரையறுக்கப்பட்ட கம்பெனியை வைத்தே அது கணக்கிட்டது. பெகுவில் வாடகை அறையில் மிளகாய் அரைக்கும் ஒருவர் வட்டார அலுவலகத்துக்கும் நகரசபைக்கும் இடையே அலைவது அந்தக் கணக்கில் வரவே இல்லை. கம்பெனிப் பதிவில் சீர்திருத்தம் உண்மையாகவே நடந்தது, ஆனால் உங்கள் அம்மா நடக்கும் பாதையில் நடக்கவில்லை.

3 குதிரைத்திறன் போன்ற எல்லைகளுக்கும் ஒரு விலை உண்டு, அண்ணா. எல்லையைத் தாண்டினால் ஒரு புதிய அலுவலகம் சேரும் என்ற அச்சத்தில், வளரக்கூடிய தொழில்கள் சிறியவையாகவே நின்றுவிடுகின்றன. எல்லைக்குக் கீழே தொடங்குங்கள். ஆனால் உணவு அனுமதிக்கான அறையைப் பெரிய மோட்டாருக்கும் இடம் விட்டே பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. பார்த்து வைத்திருந்த மோட்டார் 5 குதிரைத்திறன். முன்பணம் கொடுக்கவில்லை, 2 குதிரைத்திறனுக்கு விலை கேட்டிருக்கிறேன். ஐயா சொன்ன வரியைச் சேர்க்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஒப்பந்தம் அம்மா பெயரில் இருக்கும். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போகிறோம். அப்பாவும் உடன் வருகிறார்.