அனகி அடுப்புக்குப் புகைக்கூடு தேவையா, காய்ந்த விறகு போதுமா?

சாம்பல்தீவு மேசன்:
காஸுக்கு வரிசையில் நின்ற 2022க்குப் பிறகு, புதிதாக வீடு கட்டுகிறவர்களும் குசினியில் விறகடுப்புக்கு ஒரு மூலை கேட்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் நாலு பக்கமும் சுவர் வைத்து, சீற் கூரைக்குக் கீழே, புகைக்கூடு இல்லாமல் அனகியை, அதாவது இரண்டு பானை வைக்கிற களிமண் விறகடுப்பை, வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் காற்றிலுள்ள நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கான வரம்பைக் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. மூடின குசினியில் எந்த விறகடுப்பும் இதற்குள் நிற்காது. முதல் காசு புகைக்கூட்டுக்குத்தான் போகவேணும்.

தம்பலகாமத்தான்:
மேசன் அண்ணை, தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறீர்கள். புகை என்பது எரியாமல் தப்பின விறகு. காய்ந்த விறகின் எடையில் முக்கால்வாசி அளவு முதலில் வாயுவாகத்தான் வெளியேறும். அந்த வாயு சூடான இடத்தில் காற்றோடு கலந்தால் சுவாலை, கலக்காவிட்டால் புகை.

பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அப்படி ஒரு கிலோவை எரித்தால் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 1.3 மெகாஜூல் போகும். உள்ளே இருக்கிற அரைக் கிலோ மரத்தின் சக்தி 9 மெகாஜூல் வரும். ஏழில் ஒரு பங்குதானே நட்டம் என்று நினைக்கலாம். உண்மையான நட்டம் வேறு இடத்தில். ஆவி சுவாலையைக் குளிர வைக்க, வாயுவில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போகிறது. புகைக்கூடு கட்டினால் அந்த விறகைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வரவேணும். இங்கே திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று சும்மா கிடைக்கிறது. கிளிசிரியா, சவண்டல் கொப்புகளை மணிக்கட்டுத் தடிப்புக்குள் பிளந்து, கல் வைத்து நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி, காற்றுக்குக் குறுக்கே அடுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் எரிக்கலாம். பாலை, வீரை போன்ற வைரமான மரத்துக்கு ஒரு முழுக் கோடை வேணும். தறப்பாளை மேலே மட்டும் போடுங்கள். பக்கங்களையும் மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

உப்புவெளி அக்கா:
இரண்டு பேரும் விறகு வைக்கிற அடுப்பு வாயைப் பார்க்கவில்லை. நல்லாகக் காய்ந்த விறகையும் புகைய வைக்கலாம், வாயை நிரப்பினால் போதும். வாயில் பாதிக்கு மேல் விறகு இருக்கக் கூடாது. பெருவிரல் தடிப்பில் மூன்று நாலு கொள்ளி, நுனி மட்டும் எரியட்டும், எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். முழுத் தடியையும் ஒரேயடியாகச் செருகினால் எரிகிற வேகத்தைவிட வாயு கிளம்புகிற வேகம் கூடிவிடும்.

அடுத்தது பானை. பானை வைக்கிற மேல்வாயின் விளிம்பில் இருக்கிற மூன்று குமிழும் பானையை ஒரு செ.மீ. அளவு தூக்கி வைக்கத்தான். அவை உடைந்து பானை மட்டமாக உட்கார்ந்தால் சுவாலைக்கு வழியில்லை, புகை முன்வாயால் திரும்பி வரும். அதே தடிப்பில் மூன்று ஓட்டுத் துண்டைக் களிமண்ணால் ஒட்டிவிடுங்கள். இடைவெளி இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குக் கூடினால் சூடு பானையில் படாமல் ஓடிவிடும். இரண்டாவது வாய் சும்மா இருக்கவே கூடாது. கறி இல்லையென்றால் ஒரு கேத்தல் தண்ணீர்.

பானையின் அடியைப் பாருங்கள். விரலில் தூளாக ஒட்டும் கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது சுவாலை எரிந்து முடியமுதல் குளிர்ந்த பானையில் முட்டுகிறது. பளபளவென்று மண்ணிறத்தில் பிசின்போல் ஒட்டினால் விறகு ஈரம். அதற்கு அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கடற்கரையில் ஒதுங்கும் மரத்தையும் எரிக்காதீர்கள். எவ்வளவு காய்ந்தாலும் உப்பு உள்ளே இருக்கும், அதிலுள்ள குளோரின் நச்சுப் புகையாக வரும், தகரக் குழாயையும் அரிக்கும். மூட்டுவதற்குச் சொப்பிங் பையும் வேண்டாம். பாளை, பன்னாடை, சிரட்டை எதற்கு இருக்கு?

சாம்பல்தீவு மேசன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி, கச்சானைப் பற்றி எழுதினீர்கள், மாரி மழையோடு வருகிற வாடைக்காற்றை விட்டுவிட்டீர்கள். நவம்பர், டிசெம்பர் மழையில் காய்ந்த விறகும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். அந்த நேரம்தான் யன்னலையும் சாத்துவார்கள். இன்னொன்று, தணல் புகைக்காது, ஆனால் காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயுவை விடும். கண் எரியாது, மணக்காது. சமைத்து முடிந்தபின் தணலை அப்படியே விட்டுக் கதவைச் சாத்துகிற குசினிக்கு உங்கள் காய்ந்த விறகு என்ன செய்யும்?

தம்பலகாமத்தான்:
தணல் விசயத்தில் மறுப்பில்லை, நியாயமான கேள்வி. ஆனால் புகைக்கூடு என்று இங்கே நடப்பது என்ன? அனகியின் பின்பக்கத்தை உடைத்து 4 அங்குலத் தகரக் குழாய் செருகுகிறார்கள். அனகி குழாய்க்காகச் செய்த அடுப்பு இல்லை. பானையைச் சுற்றி இடைவெளி திறந்திருக்க, குழாய் அந்த வழியாகக் குளிர்ந்த காற்றையும் உறிஞ்சும், பானைக்குப் போகவேண்டிய சூட்டையும் இழுக்கும். விறகு கூடச் செலவாகும். கடற்காற்றில் மெல்லிய தகரமும் கெதியில் ஓட்டை விழும். குழாய்க்காக அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டினால் அந்தத் தூசி சுவாசப்பைக்குப் போகும். கிடுகுக் கூரை என்றால் குழாயில் படிந்த கரி ஒருநாள் தீப்பிடித்தால் போதும், வீடே போய்விடும்.

சாம்பல்தீவு மேசன்:
அடுப்பை உடைத்துக் குழாய் செருகுவதை நானும் எதிர்க்கிறேன். நான் சொல்வது பழைய வீடுகளில் இருக்கும் கல் கூடு. அடுப்பைத் தொடாமல் மேலே நின்று புகையை வாங்கும். மேடையிலிருந்து 90 செ.மீ. அளவில் கூட்டின் வாய், அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் அரையடி கூட. மேலே போகப்போக ஒடுக்கி, உள்ளளவு 9க்கு 9 அங்குலத்துக்குக் குறையாமல் நேரே எழுப்பவேணும். தலை, 3 மீற்றர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 60 செ.மீ. உயரமாக நிற்கவேணும், இல்லாவிட்டால் கச்சான் அடிக்கிறபோது புகை திரும்பி இறங்கும். வெளிச்சுவரோடு சேர்த்துக் கட்டினால் சீற்றில் கை வைக்கத் தேவையில்லை. கிடுகுக்கு இது வேண்டாம், அங்கே அடுப்பைத் தனிக் கொட்டிலுக்குக் கொண்டுபோங்கள்.

உப்புவெளி அக்கா:
கல் கூட்டுக்குக் காசில்லாதவர்கள் அடுப்பு இருக்கும் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, இரண்டு கல் வரி உயரத்துக்குத் திறப்பு விடுங்கள். எதிர்ப்பக்கம் கதவடியால் காற்று உள்ளே வரட்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் புகை நகராது.

தம்பலகாமத்தான்:
கல் கூட்டுக்கு நான் எதிரி இல்லை அண்ணை. ஆனால் கையில் இருப்பது ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால், முதலில் விறகுக் கொட்டில் போடச் சொல்லுவேன். நாலு கம்பு, பத்துத் தகரம், மாரி தொடங்கமுதல் மூன்று மாத விறகு உள்ளே. மழைக்காலத்தில் மறுநாள் விறகை அடுப்புப் பக்கத்தில், சுவாலைக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி வையுங்கள், மேலே ஏறின ஈரம் போய்விடும்.

சாம்பல்தீவு மேசன்:
குசினி மூடினது என்றால் நான் மாறமாட்டேன் தம்பி, கூடுதான் முதல். முன்பக்கம் திறந்த தாழ்வாரத்தில் அடுப்பு என்றால் உங்கள் கொட்டில் முதலில் வரட்டும்.