நசுங்கிய முகப்பைப் பார்த்து வேகம் சொல்ல முடியுமா?

செங்கோட்டைவாசி:
ஆரியங்காவிலிருந்து இறங்கிவந்த தம்பியின் கார், புளியரை வளைவுகளுக்குக் கீழே மரத்தில் மோதியது. அவன் பிழைத்துக்கொண்டான். முகப்பு 45 செ.மீ. உள்ளே போயிருக்கிறது. புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு "நூறில் வந்திருக்கிறான்" என்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. இதற்குக் கணக்கு உண்டா?

பட்டறைக்காரர்:
உண்டு அண்ணாச்சி. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. முகப்பின் அகலத்தில் சம இடைவெளியில் ஆறு இடங்களில் ஆழம் எடுப்பார்கள். அந்த வண்டியின் விறைப்பு எண்களோடு (முகப்பை நசுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்பவை) சேர்த்தால் தகடு நசுங்கச் செலவான ஆற்றல் கிடைக்கும், அதிலிருந்து வேகம் வரும். ஆனால் மரம் குறுகலானது, ஆழமாகக் குத்தும். சுவர் மோதலுக்கான எண்களை அப்படியே போட்டு, நடு ஆழத்தை மட்டும் பார்த்தால் வேகம் கூடுதலாகத்தான் வரும்.

செங்கோட்டைவாசி:
பிரேக் தடம் 12 மீட்டர் இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியை:
அதையும் சேருங்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகங்களைக் கூட்டக்கூடாது, வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். நசுங்கலுக்கு மணிக்கு 40 கி.மீ. வருகிறது என்று கொள்வோம். உலர்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.7 என்றால் தடத்துக்கு 46. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 61. இறக்கச் சாலை என்பதால் இன்னும் சற்றுக் குறையும். தடம் மழையில் அழியும் முன் இன்றே அளவு நாடாவுடன் போங்கள்.