நிபுணர் இல்லாத மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கண்காணிப்பை எப்படித் தொடங்குவது?

கேள்வி (மருந்தாளுநர், ஈரோடு):
வணக்கம். நான் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில், காய்ச்சலோடு சேரும் பலருக்குக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) எடுக்கும் முன்பே மெரோபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் ஏற்றப்படுகிறது. தொற்றுநோய் நிபுணர் இல்லாத நாங்கள் எதிலிருந்து தொடங்குவது?

பதில் (நுண்ணுயிரியல் மருத்துவர், கோவை):
நிபுணருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை வகைப்படுத்தியபோது, மெரோபெனத்தைக் கண்காணிக்க வேண்டிய பிரிவிலும், கோலிஸ்டினைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கிய பிரிவிலும் வைத்தது. இவ்விரண்டுக்கும் மட்டும், எந்தத் தொற்றுக்கு, கல்ச்சர் அனுப்பியாயிற்றா, எத்தனை நாளுக்கு என்று கேட்கும் ஒரு தாளை வையுங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஆய்வக முடிவோடு மருத்துவரிடம் மீண்டும் பேசி, மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று பாருங்கள். ஆனால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் உயிராபத்தான நிலை) நோயாளியின் முதல் டோஸ் அந்தத் தாளுக்காகத் தாமதமாகவே கூடாது.

பதில் (செவிலியர், திருப்பூர்):
கல்ச்சர் பாட்டில்கள் வார்டிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் ஆய்வகச் சாவிக்கு ஆள் தேட வேண்டியிருந்தால், இரத்தம் எடுக்காமலே ஊசி போடப்பட்டுவிடும்.

பதில் (கால்நடை மருத்துவர், நாமக்கல்):
மனிதருக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்து என்பதால்தான், கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. பண்ணைக்காரர்களிடம் நாங்கள் கேட்கும் கட்டுப்பாட்டை மருத்துவமனைகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.