படிகம் பொடியாவதற்குச் சொல்: 'நீருதிர்வு'

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

படிகம் தன் படிகநீரை, அதாவது தன் அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீரை, தானாக விட்டு வெள்ளைப் பொடியாவதையும் 'பூத்தல்' என்றே எழுதிவருகிறோம். நாகைப் பக்கம் சுவரில் உப்புப் பூப்பது வேறு. அங்கே ஈரம் செங்கல்லுக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து காய்கிறது. புதிதாகப் படிகம் உண்டாகிறது. குரோம் படிகாரத்திலோ (பொட்டாசியம் குரோமியம் சல்பேட்டின் ஊதாப் படிகம்) இருக்கிற படிகம் குலைகிறது. இதற்கு 'நீருதிர்வு' என்று வைக்கலாம். நீரும் உதிர்கிறது, கடைசியில் படிகமும் உதிர்கிறது.

கும்பகோணத்திலிருந்து

---

ஐயா, வணக்கம். 'நீரிழப்பு' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு? மோர் உப்பு (Mohr's salt, இரும்பு அம்மோனியம் சல்பேட்) மேசையில் கிடந்தாலும் எளிதில் பொடியாவதில்லையே.

நாகையிலிருந்து

---

அம்மா, அடுப்பில் வைத்து நீரை விரட்டினாலும் நீரிழப்புதான். நான் சொல்வது அறை வெப்பத்தில் தானாக நடப்பது. படிகநீரின் ஆவியழுத்தம் காற்றிலுள்ள ஈரத்தின் அழுத்தத்தைவிடக் கூடினால் நீர் வெளியேறும். மோர் உப்பில் அந்த அழுத்தம் குறைவு, அதனால் தாங்குகிறது. டெல்டாவில் ஐப்பசி மழையில் திறந்த தட்டில் பளபளவென்று கிடக்கும் குரோம் படிகாரம், ஏ.சி. அறைக்குப் போனால் முதலில் விளிம்புகளில் வெளுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலத்தில் வைக்கவே கூடாது.

குரோம் படிகாரம் வளர்க்கும்போது கரைசலை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்காதீர்கள். ஊதா பச்சையாகிவிட்டால் லேசில் படிகம் கட்டாது. போர்வெல் நீரும் ஆகாது. அதிலுள்ள கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சம் ஊசிகளாக இறங்கும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். சித்திரை வெயிலில் பகலில் சூடேறும் கரைசல் விதைப்படிகத்தை (வளர்ச்சி தொடங்க வைக்கும் சிறு படிகத்தை) கரைத்துவிடும். பீக்கரை ஒரு பெரிய வாளித் தண்ணீருக்குள் நிறுத்தினால் ஏற்ற இறக்கம் அடங்கும்.

காட்சிக்கு வைப்பதென்றால், வளர்ந்த ஊதா எண்முகியை (எட்டு முகம் கொண்ட படிகத்தை) நூலில் கட்டிப் பொட்டாஷ் படிகாரத்தின் நிறைவுற்ற கரைசலில், அதாவது இனிமேல் கரையாத அளவுக்குக் கரைத்ததில், தொங்கவிடுங்கள். இரண்டும் ஒரே அமைப்புக் கொண்டவை, அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கும் கனசதுர அலகின் விளிம்பு இரண்டிலும் சுமார் 12.2 ஆங்ஸ்ட்ராம். அதனால் நிறமற்ற உறை அதே முகங்களோடு மேலே வளர்ந்து உள்ளிருப்பதைக் காக்கும். கரைசல் நிறைவுறாமல் இருந்தால் ஊதா கரைந்து கலங்கிவிடும்.

படிகத்துக்குள் அணுக்களின் இடத்தைக் காணும் எக்ஸ் கதிர் ஆய்வுக்கு இந்த உறை உதவாது. 0.2 மி.மீ. துண்டை அது வளர்ந்த தாய்க்கரைசலிலிருந்து நேரே எண்ணெய்த் துளிக்கு மாற்றி, நைலான் வளையத்தில் எடுத்து, 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் நிறுத்த வேண்டும். இடையில் காற்றுப் பட்டு நீருதிர்வு தொடங்கினால் கதிர்ப் படத்தில் விழும் கூர்மையான புள்ளிகள் நீண்டு மங்கும், முற்றினால் பொடிக்குரிய வளையங்களாகும். பிறகு அந்தத் துண்டிலிருந்து அணுக்களின் இடத்தைத் தேடிப் பயனில்லை.

கும்பகோணத்திலிருந்து

---

சரி ஐயா. தானாக நடப்பதற்கு மட்டும் 'நீருதிர்வு', சுவருக்கு 'உப்புப்பூப்பு', பொதுவில் 'நீரிழப்பு'. பட்டியலில் மூன்றையும் அடுத்தடுத்துச் சேர்க்கிறேன்.

நாகையிலிருந்து