ஈ.சி. (வில்லங்கச் சான்று) "நில்" (பதிவு எதுவும் இல்லை) என்றால் வில்லங்கமே இல்லை என்று அர்த்தமா?

மனைதேடி:
செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை. விற்பவர்களின் அப்பா 1982-இல் கிரயம் வாங்கியது, 2004-இல் காலமாகிவிட்டார். பட்டா இப்போது மூத்த மகன் பெயரில். அவர் கொடுத்த பவரை வைத்து ஏஜென்ட் விற்கிறார். தம்பி விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டாராம். 1975 முதல் போட்ட ஈ.சி. "நில்". வில்லங்கம், விடுதலை, பவர் இதெல்லாம் சரியாக என்ன? அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பத்திரவரி:
கொடுக்காதீர்கள், கணக்கே இடிக்கிறது. வில்லங்கம் என்றால் சொத்தின் மேல் வேறொருவருக்கு இருக்கும் உரிமை அல்லது கடன். வில்லங்கச் சான்று என்பது நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், கேட்ட காலத்துக்குள், அந்த சார்பதிவாளர் ஆபீசில் பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். 1982 கிரயம் பதிவானது என்றால் அதுவே ஒரு வரியாக வந்திருக்க வேண்டும். தம்பியின் விடுதலை இன்னொரு வரி. இரண்டுமே இல்லை என்றால் பெரும்பாலும் தப்பான எண்ணில் போட்டிருக்கிறார்கள்.

உதாரணமாக, இப்போதைய பட்டாவில் 105/2ஏ1 என்று இருக்கும். பழைய பத்திரத்தில் உட்பிரிவுக்கு முந்தைய 105/2 மட்டும் இருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழையது சிக்காது. தாய்ப்பத்திரத்தை (முந்தைய கிரயப் பத்திரத்தை) கையில் வைத்துக்கொண்டு இரண்டு எண்ணுக்கும் போடுங்கள். ஊர் இடையில் வேறு சார்பதிவாளர் ஆபீசுக்கு மாறியிருந்தால் பழைய ஆபீசிலும். பதிவாகாத உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் எதுவும் சரியான ஈ.சி.யிலும் தெரியாமல் போகலாம்.

வாய்க்கால்வரப்பு:
விடுதலைப் பத்திரம் என்றால் கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை மற்றொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது. பத்திரப்பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று சொல்வார்கள், போதாது. பதிவாக வேண்டும். ஆமாம், வாரிசுச் சான்றில் யார் யார்?

மனைதேடி:
அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பாவின் அம்மா 2009-இல்தான் இறந்தாராம்.

வாய்க்கால்வரப்பு:
அப்படியென்றால் பாட்டியையும் சேர்க்க வேண்டும், எல்லாரும் விடுவது அங்கேதான். இந்துவாக இருந்து, உயில் எழுதாமல், சுயமாக வாங்கிய சொத்தை விட்டுப் போனால் மனைவி, மகன்கள், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. இங்கே ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பாட்டியும் உயில் எழுதவில்லை என்றால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது சித்தப்பா, அத்தை வகையறாவும் கையெழுத்துப் போட வேண்டும். பட்டா மூத்தவர் பெயரில் இருப்பது வருவாய்த்துறைக் கணக்கு. மகளின் பங்கை அது அழிக்காது.

பத்திரவரி:
பவர் என்பது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். மூத்தவர் கொடுத்த பவர் அவர் பங்கைத்தான் விற்கும். கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அன்றே செத்துவிடும், அதனால் புதிய உயிர்வாழ் சான்று கேளுங்கள். பவர் பதிவான ஆபீசில் ஆவண எண்ணைச் சொல்லி ரத்தாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். "கிரயம் வேண்டாம், பவரும் அக்ரிமென்டும் போட்டுத் தருகிறோம்" என்று பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.