மறுத்து எழுத ஒரு செயலி, அதனால் வந்த வம்பு

அரைத்தூக்கம் கேட்டது:

யார் எதற்குக் கூப்பிட்டாலும் 'சரி' சொல்லிவிட்டு அப்புறம் முழிக்கிற ஆள் நான். அதனால் இரண்டு மாதமாக ஒரு கருவியைப் பயன்படுத்துகிறேன். வந்த மெசேஜை அதில் ஒட்டினால், மறுத்து எழுத மூன்று வாசகங்கள் தரும்: மென்மையாக, நேராக, கறாராக. நான் எப்போதும் முதலாவதைத்தான் எடுப்பேன்.

போன வாரம் நெருங்கிய தோழி ஒருத்தி வீடு மாற்றுவதற்கு, சனிக்கிழமை வந்து சாமான் கட்டித் தரச் சொன்னாள். கருவி எழுதித் தந்ததை அப்படியே அனுப்பினேன்: "உன் அழைப்பு மனதை நெகிழச் செய்தது. தவிர்க்க இயலாத சூழலால் கலந்துகொள்ள இயலவில்லை. உன் தருணங்கள் இனிமையாக அமையட்டும்."

அட்டைப்பெட்டி கட்டுவதில் என்ன இனிய தருணம்! நான் யாருக்கும் 'இயலவில்லை' என்று எழுதியதே கிடையாது. "யாருடி இது?" என்று பதில் வந்தது. அதோடு சரி, இரண்டு நாளாகப் பேச்சில்லை.

உண்மைக் காரணம், அன்றைக்கு எனக்குத் தூங்க வேண்டும். இப்போது அவளிடம் என்ன சொல்வது? இந்த மாதிரிக் கருவியை வம்பில்லாமல் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குறுக்குவழி:

தனிக் கருவியே தேவையில்லை. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' இருக்கும். கூகுள் கீபோர்டான ஜிபோர்டில் 'பர்சனல் டிக்‌ஷனரி'. "இல்லப்பா, இந்தத் தடவை வரமுடியாது, கூப்பிட்டதுக்கு சந்தோஷம்" என்று நானே எழுதி, இரண்டெழுத்துச் சுருக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்; அந்த இரண்டெழுத்தைத் தட்டினால் முழு வாசகமும் வந்துவிடும். என் வார்த்தை என்பதால் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மூன்றாம்பெஞ்ச்:

மறுப்பதற்கு இவ்வளவு பயப்படவே வேண்டாம். ஜூலியன் கிவி, காலீன் கர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் இதைப் பற்றியே ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மறுத்தால் அழைத்தவருக்கு எவ்வளவு வருத்தம் வரும் என்பதை நாம் மிகையாகவே கணக்குப் போடுகிறோமாம். மறுக்குமுன் நாம் எவ்வளவு யோசித்திருப்போம் என்பதையும் அழைத்தவர் நினைத்துப் பார்க்கிறார், ஆனால் அது நமக்குத் தோன்றுவதில்லை. உங்கள் விஷயத்தில் இடித்தது அதுதான். 'தருணங்கள் இனிமையாக' என்று வந்தால், இவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்றுதானே படும்?

நீலடிக்:

வாட்ஸ்அப் என்றால் அனுப்பி 15 நிமிடத்துக்குள் எடிட் செய்திருக்கலாம். இனி போன் போடுவதுதான் வழி. ப்ளூ டிக்கை அணைத்துவிட்டு, பார்க்காத மாதிரி இருக்கலாம் என்று அடுத்து யாராவது கிளம்புவீர்கள். அது தனி சாட்டில்தான் செல்லும். குரூப்பில் யார் படித்தார்கள் என்பது மெசேஜ் இன்ஃபோவில் தெரிந்துவிடும். மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

அரைத்தூக்கம்:

போன் போடத் தைரியம் வரவில்லை, மெசேஜ்தான் அனுப்பினேன். "அதை நான் எழுதலடி, ஒரு ஆப் எழுதிச்சு. சனிக்கிழமை தூங்கணும், அவ்ளோதான். ஞாயிறு வந்து புத்தகத்தை மட்டும் கட்டித் தரேன்."

கருவியை அழிக்கவில்லை. அலுவலகக் கூட்டங்களுக்கு 'இயலவில்லை' பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவளிடமிருந்து இப்போதுதான் பதில்: "வரும்போது டேப் வாங்கிட்டு வா. அந்த ஆப்பைக் கூட்டிட்டு வராத."