தம்பியின் ஈரலுக்காக ஒரு வேண்டுகோள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். எங்கள் ஊர் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்திலுள்ள களுவாஞ்சிகுடி. 2 வருடங்களுக்கு முன் அப்பாவை ஈரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். போன மாதம் இரத்ததானம் செய்யப் போன தம்பிக்கு, ஈரலைத் தாக்கும், பிறருக்கும் தொற்றக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வயது 34. நம் நாட்டில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி வழமைக்கு வந்ததே 2003இல்தான்.

அன்றிலிருந்து அப்பாவின் கிளினிக் கொப்பியையே புரட்டிக்கொண்டிருக்கிறான். கடைசிப் பக்கத்தில் ஒரு ஸ்கான் திகதி. அந்த நாளுக்கு முன்பே அப்பா போய்விட்டார்.

இந்த வைரஸால் ஈரல் புற்றுநோய் வரலாம்; ஆனால் ஒரே வைரஸ் இருந்தும் எல்லோருக்கும் அது வருவதில்லை. வைரஸின் அளவு, மது, வயது இவற்றோடு பரம்பரையும் சேர்கிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் எச்எல்ஏ மரபணுக்களிலுள்ள சிறு வேறுபாடுகள்கூட, உடல் இந்த வைரஸை எதிர்க்கும் விதத்தை மாற்றுகின்றன. பெற்றோருக்கு ஈரல் புற்றுநோய் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். ஈரல் தழும்பேறிச் சுருங்காமலே (சிரோசிஸ் வராமலே) புற்றுநோய் வரலாம் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கானும், புற்றுநோய் அறிகுறி பார்க்கும் ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனையும் செய்துவருபவர்கள் இருக்கிறீர்களா? எங்கே செய்கிறீர்கள், திகதி எப்படிப் பெறுகிறீர்கள்? மரபணுப் பரிசோதனை பற்றி உங்கள் வைத்தியர் ஏதும் சொன்னாரா? தம்பியின் மனைவி 5 மாதக் கர்ப்பிணி. அவளுக்கு இன்னும் பரிசோதனை செய்யவில்லை. தயவுசெய்து தெரிந்ததை எழுதுங்கள்.